கடதாசியில் தட்டிய எண்டர்

பெப்ரவரி 11, செவ்வாய்

"ஓம் மெடம், மறிக்கிறாங்க" என்று நான் சொல்லவில்லை.

வகுப்பு முடிகிற நேரம் மெடம் கேட்டார்: "உங்கட பெட்ச்சில ஏன் ஒருத்தரும் கணினி அறைக்கு வாறல்ல? பின்னேரம் ரெண்டு மணி நேரம் உங்களுக்கெண்டுதானே ஒதுக்கியிருக்கு. ஆரும் மறிக்கிறாங்களா?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் பேனை மூடியைப் பார்த்தேன்.

"பாவிக்காட்டி அந்த நேரத்த வேற ஆக்களுக்குக் குடுத்திருவாங்க. மறுகா என்னட்ட வந்து அழக்கூடாது."

சீனியர்மார் வரவேற்பு விழா வைக்கும்வரை முதலாம் வருடக்காரர் அந்த அறைக்குள் கால் வைக்கக்கூடாது. எங்கும் எழுதாத சட்டம். மீறினால் ஒருவரும் பேசமாட்டார்கள். குப்பியிலும் இடமில்லை. சீனியர்மார் சொல்லித்தரும் அந்த வகுப்பு இல்லாமல் இங்கே யார் பாஸ் பண்ணியிருக்கிறார்கள்?

நூலகத்துக்குப் போகத் தடையில்லை. அங்கே போக யாரும் ஆசைப்படுவதில்லை என்பதாலோ.

பெப்ரவரி 14, வெள்ளி

மார்ச் கடைசியில் எக்ஸெல் செய்முறைப் பரீட்சை. என்னிடம் இருப்பது கண்ணாடி வெடித்த ஒரு போன்.

இன்று குப்பி. இரண்டாம் வருட அஜந்தா அக்கா கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கட்டம் கட்டமாகக் கீறினார்.

"இது ஏ. இது பீ. இதுக்குள்ள சமன் போட்டு, ரெண்டையும் கூட்டச் சொல்லுங்க. மறுகா எண்டர்." விரலால் தாளில் ஒரு தட்டு.

"அக்கா, விடை வரல்லயே!" என்றாள் ஓட்டமாவடியில் இருந்து வந்த என் கூட்டாளி நஸ்ஹா.

எல்லோரும் சிரித்தோம். அக்காவும்தான். "ஓட்டமாவடிக்கு வாய் கூடிப்போச்சு. எங்களுக்கும் இப்பிடித்தான் சொல்லித்தந்தாங்க. செத்தா போனம்?"

பிறகு எனக்கு விளங்காததைத் தனியே இருத்தி மூன்றாம் தரமும் சொல்லித்தந்தார். தன் பிளேன்டியில் பாதியை எனக்கு ஊற்றினார்.

கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு இலகு.

பெப்ரவரி 25, செவ்வாய்

"ரெண்டு பேராப் போனா என்ன செஞ்சிருவாங்க?" நஸ்ஹாதான் கணினி அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

கதவுக் கண்ணாடியால் தெரிந்தது — அணைந்த திரைகள் வரிசையாக, அந்தப் பக்க ஜன்னலில் வாவி. பொறுப்பாளர் ரிஸ்கான் எழும்பி வந்து கதவைத் திறந்தார். "வாங்க தங்கச்சி, வாங்க. ஆருமில்லாம ஏசியப் போட்டுட்டு இருக்கன்."

படிக்கட்டில் இருந்து ஒரு சீனியர் அண்ணா: "கவனம் புள்ளயள், கொம்பியூட்டர் கடிக்கும்!"

"ஒருத்தரத் தேடி வந்தம்" என்றேன் ரிஸ்கானிடம்.

நஸ்ஹாவின் கை என் கையில் இருந்தது. திரும்பி இழுத்தது நான்தான்.

மார்ச் 3, திங்கள்

எழும்பி நின்று பேசுகிற பெண்களை எத்தனை நாவல்களில் வாசித்திருக்கிறேன். பென்சிலால் கோடு வேறு போட்டு வைத்திருக்கிறேன்.

மார்ச் 19, புதன்

வரவேற்பு விழா. பாட்டு, கேக். நஸ்ஹா நோன்பு; தன் துண்டைத் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். அஜந்தா அக்கா என் தோளில் கை போட்டார். "இனி நீங்களும் எங்கட ஆக்கள். எங்கயும் போகலாம்."

எங்கே போவோம்? கூட்டமாக, சத்தமாக, கணினி அறைக்கு. அக்காதான் முன்னால்.

உள்ளே ஒரு இருக்கையும் காலியில்லை. வெளியாருக்கான டிப்ளோமா வகுப்பு. ரிஸ்கான் தலையை மட்டும் நீட்டினார்.

"ஒருத்தரும் வாறல்ல எண்டு இந்தக் கிழமதான் நேரத்த மாத்தினாங்க. நான் என்ன செய்ய?"

"இவங்களுக்கு அடுத்த வியாழன் சோதின, அண்ணா" என்றார் அக்கா. "ஒரு மணித்தியாலம் எண்டாலும்..."

அவர் கதவை மெல்லச் சாத்தினார். அக்கா எங்கள் பக்கம் திரும்பவேயில்லை.

மார்ச் 27, வியாழன்

சூத்திரங்கள் எல்லாம் ஞாபகம் இருந்தன. ஃபைலை எங்கே சேமிப்பது? யாரிடம் கேட்பது?

ஏப்ரல் 24, வியாழன்

முடிவு வந்தது. நானும் நஸ்ஹாவும் பெட்ச்சில் பாதிப்பேரும் திரும்ப எழுதவேண்டும். மெடம் பெயர்களை வாசித்தார். இந்த முறை ஏன் என்று கேட்கவில்லை.