நீங்கள் நிறுத்திய நடை

பக்கத்து வீட்டுக்காரர் தேர்ச் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுவிட்டு வந்து நம் வாசல் குழாயில் கை கழுவினார். விளக்கெண்ணெயும் பழைய மரமும் கலந்த அந்த வாசனை உள்ளே வரை வந்தது. தேர் முடிந்து வரும்போது உங்கள் சட்டையில் இருக்குமே, அதே வாசனை. எத்தனை முறை துவைத்தாலும் போகவில்லை என்று உங்களைத் திட்டியிருக்கிறேன். இன்று அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியாமல் நின்றுவிட்டேன்.

வடம் பிடிக்க ஊரே வரும். ஓடுகிற சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, தேரைத் திருப்பவும் நிறுத்தவும் தெரிந்தவர்கள் நம் ஊரில் சிலர்தான். அவர்களில் நீங்கள் ஒருவர். கட்டை கொடுத்த அந்த வலது கைதான் ஒருநாள் காலையில் விழுந்தது, கூடவே காலும். பக்கவாதம் என்றார் டாக்டர். அதற்கப்புறம் நீங்கள் வாசலைத் தாண்டியது கை கால் பயிற்சிக்கு மட்டும்தான். தேர் நம் தெருவில் வந்தபோதும் கதவைச் சாத்தச் சொன்னீர்கள். "பாக்கறவனுக்கு நான் இன்னா வேடிக்கையா?" வார்த்தை குழறியது, கோபம் குழறவில்லை.

பயிற்சி தருகிற இடத்தில்தான் அந்த நடைக்கு ஏற்பாடு செய்தார்கள். வாதம் வந்தவர்களைப் பயிற்சிக்கு அழைத்து வர ஒரு வேன் வாங்க வேண்டும். அதற்குப் பணம் திரட்ட ஏரிக்கரையிலிருந்து தேரடி வரை எல்லோரும் சேர்ந்து போவது. நடந்தும் வரலாம், கோல் ஊன்றியும் வரலாம், சக்கர நாற்காலியிலும் வரலாம். "தேரடி வரைக்கும் என் காலாலயே போவேன்" என்று நீங்கள் சொன்னதும் நான் உங்கள் காலைத்தான் பார்த்தேன். ஊர் பார்க்க விழுந்துவிட்டால் அப்புறம் உங்களை யாராலும் வெளியே கூட்டி வர முடியாது.

அன்று நம் ஊர்க்காரர்கள் செய்த கூத்து உங்களுக்கு மறந்திருக்காது. எல்லோரும் சேர்ந்து வரட்டும் என்று ஒரு நீளக் கயிற்றைக் கொடுத்தார்கள். கையில் கயிறு, காதில் மேளம். கேட்கவா வேண்டும்? தேர் இழுக்கிற நினைப்பில் முன்னால் இருந்தவர்கள் ஓட ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் வந்த நீங்களெல்லாம் தடுமாறினீர்கள். சக்கர நாற்காலியில் இருந்த மாதா கோயில் தெரு அம்மா பயந்து அழுதுவிட்டார். நான் உங்கள் இடுப்பைப் பிடிக்க வந்தேன்.

"கைய எடு" என்றீர்கள். கோலைக் கீழே போட்டுவிட்டு, பக்கத்திலிருந்த விளக்குக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு, கயிற்றின் நுனியை இடது கையால் அதைச் சுற்றி வளைத்தீர்கள். கயிறு விறைத்தது. முன்னால் ஓடியவர்கள் ஒருவர் மேல் ஒருவர் மோதி நின்றார்கள்.

"முடியாதவன் முன்னால வரட்டும்! மத்தவன் பின்னால வாடா! எவனும் தாண்டக் கூடாது!"

அது உங்கள் பழைய தேர்க்குரல். மேளக்காரர்கூட அடியைக் குறைத்துக்கொண்டார். அதற்கப்புறம் நீங்கள் முன்னால், ஊர் பின்னால். சைக்கிளில் வந்தவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எனக்கு அழுகையும் வந்தது, பெருமையும் தாங்கவில்லை.

கடைத்தெரு முனையில் கால் வர மறுத்துவிட்டது. தேரடி கண்ணுக்குத் தெரிகிறது. நான் உங்கள் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். நீங்களோ சிரித்தீர்கள். "சேரு கொண்டாங்கப்பா. தேரு நடுத்தெருவுல நின்னுட்டா நாளைக்கு இழுக்கறதில்லையா? மிச்சத்த அடுத்த வருசம் பாத்துக்கலாம்." ஊர் பார்க்க அங்கேயே உட்கார்ந்தீர்கள். பின்னால் வந்தவர்களும் தெருவிலேயே உட்கார்ந்தார்கள். ஒருவர்கூடத் தாண்டிப் போகவில்லை.

வேன் வந்துவிட்டது. மாதா கோயில் தெரு அம்மா அதில்தான் போய் வருகிறார். நீங்கள் ஏறவில்லை. அதற்குள் இரண்டாவது முறையும் வாதம் வந்து உங்களைக் கொண்டுபோய்விட்டது.

கடைத்தெரு முனையிலிருந்து தேரடி வரை, நீங்கள் மிச்சம் வைத்த அந்தத் தூரம், நான் தினமும் காய் வாங்கப் போகிற வழி. அங்கே வந்ததும் என் கால் தானாக உங்கள் நடைக்கு வந்துவிடுகிறது. இடப்பக்கம் உங்களுக்கு இடம் விட்டுத்தான் நடக்கிறேன். பின்னால் வண்டிக்காரர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். அடிக்கட்டும்.