கருப்பர் கோயில் மண்ணைக் கேட்ட மகனுக்கு

திருப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் முருகேஷுக்கு அப்பா எழுதுவது. கருப்பர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சௌக்கியம், அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், நீயும் உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இரு. போனில் பேசினால் பாதியிலேயே கோபம் வந்து வைத்துவிடுவேன் என்றுதான் தாளில் எழுதுகிறேன், அம்மா இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள்.

நம் கருப்பர் கோயிலிலிருந்து ஒரு பிடி மண் வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறாய். நியூயார்க்கில் உன் வீட்டுக்காரர், அந்த இத்தாலிக்காரப் பெரியவர் விட்டோ, பின்கட்டு அத்திமரத்தடியில் இடம் தருகிறேன், உன் சாமியைக் கொண்டுவந்து வைத்துக்கொள் என்றாராம். தாராள மனசுதான். அவர் தாத்தா நாலு காசு சேர்த்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்று கப்பலேறி வந்தது, சுரங்க ரயிலுக்கு மண் வெட்டியது, பாட்டி வீட்டில் உட்கார்ந்தபடியே பீஸ் ரேட்டுக்குக் கோட்டு தைத்தது, சர்ச்சில் மற்றவர்கள் மேலே கும்பிட இவர்களை மட்டும் கீழ்த்தளத்துக்கு அனுப்பியது, அந்த ரோஷத்தில் ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து தங்கள் ஊர்ப் புனிதருக்குச் சிலை செய்து தெருத்தெருவாகத் தூக்கியது, எல்லாம் போனில் வாய் ஓயாமல் சொல்கிறாய். நான் கமுதியிலிருந்து எப்படித் திருப்பூர் வந்து சேர்ந்தேன் என்று ஒரு நாளாவது கேட்டாயா? நானும் பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத்தான் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டினேன். இங்குள்ள திருவிழாவில் நானும் கடைசி ஆளாகத்தான் நின்றேன்.

பொறாமைதான், ஒளிக்க என்ன இருக்கிறது. அந்தப் புனிதரை நீ தோளில் சுமந்து நிற்கிற படத்தை அனுப்பினாயே, விட்டோ உன் முதுகில் கை வைத்திருந்தார், அந்தக் கையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மாசிக் களரிக்கு, நம் கருப்பர் திருவிழாவுக்கு வா என்று வருஷா வருஷம் கூப்பிடுகிறேன், லீவு இல்லை என்கிறாய். அவர்கள் சாமியைத் தூக்க மட்டும் லீவு எங்கிருந்து வந்தது?

நாங்கள் கமுதிக் கோயிலில் பிடிமண் எடுத்து வந்து இங்கே கருப்பரை வைத்தபோது இந்த ஊர்க்காரர் பொங்கியண்ணன்தான் தன் விவசாயக் காட்டு மூலையில் இடம் விட்டார். “அதுக்கென்னங்க, உங்க சாமி எங்க காட்டுக்குங் காவலா இருந்துட்டுப் போவட்டுமுங்க” என்றார். அதன் பிறகு கமுதிக்குப் போவது குறைந்து குறைந்து இப்போது நின்றே போய்விட்டது. சாமியே இங்கே இருக்கும்போது அங்கே எதற்கு என்றாகிவிட்டது. விட்டோவின் தாத்தாவும் புனிதர் வந்து சேர்ந்ததும் ஊர் திரும்புகிற பேச்சையே விட்டுவிட்டார் என்று நீதானே சொன்னாய். மண் போன இடத்தில் மனுஷன் தங்கிவிடுவான் முருகேஷ், நான் தங்கியவன், எனக்குத் தெரியும்.

உன் அம்மா, “மண்ணத்தானே கேக்குறான், பொன்னா கேக்குறான்” என்று சண்டைக்கு வருகிறாள். எனக்குத் தெரியாமல் சந்நிதியில் பூக்கட்டிப் போட்டும் பார்த்திருக்கிறாள். வெள்ளைப் பூ வந்ததாம், கருப்பருக்குச் சம்மதமாம். சம்மதம் சொல்வதில் அவருக்கு என்ன நஷ்டம், அவருக்கு ஊரெல்லாம் பிள்ளைகள். எனக்கு நீ ஒருவன்தான். மண் தர மாட்டேன்.

விட்டோவுக்கு என் வணக்கத்தைச் சொல், அவர்மேல் குற்றமில்லை. வயிற்றுக்கு வஞ்சனை செய்யாமல் சாப்பிடு. மாசிக்கு இப்போதே லீவு எழுதிக் கொடுத்துவிடு. கருப்பர் துணையிருக்க, நோய் நொடியில்லாமல் நீடூழி வாழ்க.

உன்னைப் பெற்ற அப்பன்,
பெரியகருப்பன்