நீங்கள் மூடிய கிராம்புத் தைலம்

அன்புள்ள மாப்பிள்ளை,

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, காப்பிக்குப் பின், நம் குடும்ப வரலாற்றில் இடம்பெறத் தக்க ஒரு முடிவு எடுக்கப்பட்டது. என் கடைவாய்ப் பல் வலிக்கு இனிக் கிராம்புத் தைலம் வைப்பதில்லை, மாத்திரை மட்டுமே. தீர்மானத்தைக் கொண்டுவந்தவனும் நானே, வழிமொழிந்தவனும் நானே. என் மனைவி, "செரி, பல்லு உங்குளுதுதானுங்க" என்று நடுநிலை வகித்தாள்.

முந்தின நாள் மருந்துக்கடையில் ஒரு சிறு பாட்டில் வாங்கிவந்திருந்தேன். மூடியைத் திருகி மணம் எழுந்ததும் நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றுவது போலிருந்தது. அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அலமாரியில் அப்போது இன்னொரு பாட்டில் இருந்தது. அது உங்களுடையது. அதை வலிக்குத் தொடும் பேச்சே எழவில்லை.

என் தங்கையைக் கட்டியபோது நீங்கள் திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டியில் ஊர் ஊராகப் பாறையைத் துளைத்துக்கொண்டிருந்தீர்கள். அடுத்தவர் நிலத்திலெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக் களைத்து, சொந்த நிலத்தில் குட்டை வெட்டி மீன் விட்டீர்கள். நாமக்கல்லில் கோழித் தீவனம் அரைக்கும் உங்கள் நண்பர், செடித் தைலம் கலந்தால் தீனி நன்றாக எடுக்கும், நோய் எளிதில் அண்டாது என்று சொல்லியிருந்தார். கோழிக்கு ஆவது மீனுக்கு ஆகாதா என்று கிராம்புத் தைலத்தோடு வந்து இறங்கினீர்கள்.

குட்டையோரம் போட்டிருந்த மெஷினிலிருந்து சுடச்சுட விழுந்த மீன் தீவனத்தின் மேலேயே அதை ஊற்றினீர்கள். காடு, தோட்டம் முழுக்க மணந்தது. பக்கத்துக் காட்டுக்காரர் வேலியோரம் வந்து, "ஏனுங்க, ஊட்டுல விருந்துங்களா?" என்றார்.

"மீனுக்குங்க" என்றீர்கள், பெருமையாக.

"அப்ப நாங்க குட்டைக்குள்ளதான் எறங்கோணுமாட்ட இருக்குது."

மறுநாள் பார்த்தால் தீவனத்தில் மணமே இல்லை. சூட்டில் தைலம் பூராவும் காற்றோடு போயிருந்தது. வெறும் கையை முகர்ந்துகொண்டு சொன்னீர்கள்: "மணக்குதுன்னா போயிட்டிருக்குதுன்னு அர்த்தமுங்க மச்சான்." அதன் பிறகு தீவனத்தை நிழலில் ஆறவைத்து, தைலத்தைத் தவிட்டெண்ணெயில் கலந்து தெளித்து, உடனே மூடிவைக்கப் பழகினீர்கள்.

அந்த டப்பு விஷயமும் நினைவிருக்கும். மீன் இதைத் தாங்குமா என்று பார்க்க, ஒரு பிளாஸ்டிக் டப்புத் தண்ணீரில் குஞ்சுகளை விட்டு, ஒரு துளி சேர்ப்பதாகத் திட்டம். துளி என்பது ரிக் வண்டிக்காரர் கைக்குப் பழகாத அளவு. கொஞ்ச நேரத்தில் குஞ்சுகளெல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. நீங்கள் வாயில் துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள்.

"மாலை வாங்கியாரட்டுங்களா மாப்ள?" என்றேன்.

தங்கைதான் ஓடிவந்தாள். "ரெண்டு ஆம்பளையும் பாத்துட்டு நில்லுங்க" என்று அந்தத் தண்ணீரைச் சாய்த்துக் கொட்டிவிட்டு, குட்டைத் தண்ணீரை மொண்டு ஊற்றினாள். ஒரு வால் அசைந்தது. பிறகு இன்னொன்று. கிராம்புத் தைலம் கூடினால் மீன் மயங்கிப் போகும் என்று அன்றுதான் தெரிந்தது. நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "தூங்குச்சுங்க. எனக்கு அப்பவே தெரியும்" என்றீர்கள்.

உங்கள் நெஞ்சுத் துடிப்பு நின்ற அன்று உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். கூட்டம் சற்று விலகிய நேரத்தில் தங்கை என் பக்கத்தில் வந்து, யோசனை கேட்கும் குரலில், "அண்ணா, தண்ணிய மாத்திப் பாக்கலாமுங்களா?" என்றாள்.

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவன் என்று என்னைக் கேலி செய்வீர்கள். நான் போய் மின்விசிறியைக் கூட்டிவைத்தேன்.

காரியம் முடிந்ததும் அந்தப் பாட்டிலை என் கையில் கொடுத்து, "இது ஊட்டுல இருந்தா என்னால சோறு திங்க முடியாதுங்ணா" என்றாள். மீனுக்கு வெறும் தீவனமே போட்டுவந்தாள். நான் மூடியைத் திறக்கவில்லை. மணந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.

புதன்கிழமை போன் செய்தாள்.

"அண்ணா, அந்தப் பாட்டில் இருக்குதுங்களா?"

"இருக்குது சாமி."

"மீனு தீனியே எடுக்கறதில்லீங்ணா. வாலோரமெல்லாம் அரிச்சாப்ல இருக்குது. தண்ணி பாதி மாத்தியுட்டேன். இந்தக் குட்டையும் போச்சுன்னா நான் இங்க என்னத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கறது?"

"கடையில புதுசா வாங்கியாரட்டுமா?"

"அவரு மீனுக்குத்தான வாங்கி வெச்சாரு. அதையே எடுத்துட்டு வாங்க."

சூரமங்கலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு போனேன். தீவனம் நிழலில் ஆறிக்கொண்டிருந்தது. தங்கை அதில் கையை விட்டுப் பார்த்து, இன்னும் ஆறட்டும் என்றாள். பிறகு அவளே மூடியைத் திறந்தாள். வேலியோரம் பக்கத்துக் காட்டுக்காரர் வந்து நின்றார். விருந்தா என்று கேட்கவில்லை.

தெளித்து, மூடி, சாயங்காலம் போட்டோம். முதலில் குட்டை சும்மா கிடந்தது. பிறகு ஓரத்தில் தண்ணீர் நெளிந்தது. மீன்கள் மேலே வந்தன. இப்போது தினமும் வருகின்றனவாம். வால்களும் தேறிவருகின்றன. தைலத்தாலா, மாற்றிய தண்ணீராலா என்று என்னால் சொல்ல முடியாது. நீங்கள் இருந்தால் சந்தேகமே இல்லாமல் சொல்லியிருப்பீர்கள். பாட்டில் தீர்ந்துவிட்டது. தங்கை நாமக்கல்லில் புதிதாகச் சொல்லிவைத்திருக்கிறாள்.

மாத்திரைக்கு வலி அடங்கவில்லை. சனிக்கிழமை பல்லைப் பிடுங்கினார்கள். குழி ஆறாமல் வலித்ததால், டாக்டர் நேற்றுக் கிராம்புத் தைலத்தில் நனைத்த பஞ்சை அதில் வைத்து அடைத்திருக்கிறார். வாயைத் திறக்கும்போதெல்லாம் நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றுகிறீர்கள்.