மோரில் கலந்த பெருங்காயம்

செல்லூர், மதுரை.

அன்புள்ள மாப்ள சித்தார்த்துக்கு மச்சான் ஜெயபாண்டி எழுதுவது. பனிமலையில் காவல் நிற்கும் உனக்கு ஒரு குறையும் வராமல் அழகர் காக்கட்டும். நான் கூப்பிட்டால் உனக்கு சிக்னல் இல்லை. நீ கூப்பிடும்போது போன் உன் அக்கா ரோகிணி கையில் இருக்கிறது. அதனால்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கோதுமை அவள் குடலுக்கு ஆகாது, சீலியாக் நோய் என்று நாலு வருடம் முன்பு சொன்னார்கள் அல்லவா? அன்றிலிருந்து வீட்டில் பரோட்டா, சப்பாத்தி, ரவை எதுவும் கிடையாது. சமையலையும் நானே எடுத்துக்கொண்டேன். தறி ஓட்டுகிறவனுக்கு ரசம் வைக்க வருமா என்று நீகூடக் கிண்டல் செய்தாய். ஆனாலும் உப்புசமும் வயிற்றுப்போக்கும் நிற்கவில்லை. ஸ்டீராய்டு மாத்திரைக்கும் கேட்கவில்லை. முப்பத்தாறு கிலோவுக்கு வந்துவிட்டாள்.

போன மாதம் டாக்டரம்மா அடுப்படி டப்பாக்களையெல்லாம் கொண்டுவரச் சொன்னார். பெருமையாகக் கொண்டுபோய் அடுக்கினேன். ஒவ்வொன்றாகப் படித்தவர் பெருங்காய டப்பாவைத் தனியே எடுத்து வைத்தார். அதில் கோதுமை மாவு சேர்த்திருக்கிறார்கள். பொடி எழுத்தில் போட்டிருக்கிறான் பாவி. வயிறு உப்பும்போதெல்லாம் மோரில் தாராளமாகக் கலக்கிக் கொடுத்தது நான்தான், மாப்ள.

பிறகு எடுத்த சதைப் பரிசோதனையில் சிறுகுடலில் புற்றுநோய் என்று வந்தது. அடைத்திருந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். இப்போது நரம்பு வழியாகத்தான் சத்து ஏறுகிறது. பெருங்காயத்தால்தான் இப்படி ஆனதா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது, சீலியாக் சிலருக்குத் தானாகவே இப்படிப் புற்றாக மாறுவதும் உண்டு என்றார் டாக்டரம்மா. என் மனசு ஆறவில்லை.

ரோகிணிக்கு இந்தப் பெருங்காய விஷயம் தெரியாது. நேற்றுகூட, ஒங்க கையால கொஞ்சூண்டு மோரு தாங்க, அதக் குடிச்சாத்தான் வகுறு கேக்கும் என்றாள். வெளியே போய் நின்று அழுதேன்.

மூன்று வாரத்தில் தையல் ஆறியதும் கீமோ தொடங்க வேண்டும். தொடங்காவிட்டால் நாள் அதிகமில்லை என்கிறார்கள். அவளோ, ஊசியும் வேணாம், ஒண்ணும் வேணாம், வீட்டுக்குப் போவோம் என்கிறாள். கையெழுத்துப் போட மறுக்கிறாள். எந்த முகத்தோடு நான் அவளை வற்புறுத்துவது? நீ பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் கேட்பாள்.

உனக்கு எழுதப்போகிறேன் என்றதும், நல்லாருக்கேன்னு மட்டும் எழுதுங்க, புள்ள பதறிரும் என்றாள்.

நல்லாயிருக்கிறாளாம். எழுதிவிட்டேன். நீ உடனே புறப்பட்டு வா, மாப்ள.

உன் மச்சான்,
ஜெயபாண்டி