கரி வண்டிக்கு நீ வைத்த மூன்று முட்கள்

என் அருமை விசாலம்,

இன்று காலை எழுந்ததும், பாலைக்கூட அடுப்பில் வைக்காமல் கார் ஷெட்டுக்குப் போனேன். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து விளக்கு சுவிட்சைப் போட்டேன். பாட்டரி ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் அம்மீட்டரின் முள் நடுவிலிருந்து மெல்ல இடது பக்கம் சாய்ந்தது. அணைத்தேன், நடுவுக்கு வந்து நின்றது. மறுபடி போட்டேன். உன் அண்ணன் வாசலில் வந்து நின்று, "என்ன மரகதம், சரி பாக்கறியா? வாங்கறவன் பாத்துப்பான் விடு" என்றார். நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆமாம், காரை விற்கப் பேசியிருக்கிறோம். பாடி கிராமத்தில் அரிசி மில் வைத்திருக்கிற ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து ஓட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

காரணம் இல்லாமல் இல்லை. டிரைவர் கரீம் பாய் இந்த மாதக் கடைசியோடு நின்றுகொள்கிறார். பஸ் ஓட்டும் வேலை கிடைத்திருக்கிறது, அவர் குடும்பத்துக்கு அது நல்லது. வேறு டிரைவர்களைக் கேட்டால், கரியில் ஓடுகிற வண்டி என்றதும் கும்பிடு போட்டுவிட்டுப் போகிறார்கள். "யுத்தம் முடிஞ்சாச்சு, நீயும் அலைஞ்சு களைச்சுட்டே. பிரசவம் பாக்கப் போறதுக்கு ஜட்கா போதும்" என்கிறார் உன் அண்ணன். பார்க்கப் போக ஜட்கா போதும். வயிற்றில் குழந்தை குறுக்கே கிடக்கிற ஒருத்தியைப் பாரிவாக்கத்திலிருந்து பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக?

நான் கல்யாணமாகி பூந்தமல்லிக்கு வந்தபோது நாத்தனாரைப் பற்றி என் பிறந்த வீட்டில் சொல்லி அனுப்பியதெல்லாம் எச்சரிக்கைகள்தான். புருஷனை இழந்து அண்ணன் வீட்டோடு வந்துவிட்ட பெண், நாக்கு நீளமாக இருக்கும், சாவிக்கொத்தை விடமாட்டாள் என்றார்கள். வந்து பார்த்தால் நீ கூடத்தில் பௌதிகப் புத்தகத்தின் மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாய். சாவிக்கொத்து எங்கே இருக்கிறது என்று உனக்கே தெரியவில்லை.

இரண்டு பேரும் படித்தோம். நான் டாக்டராகி இங்கேயே வைத்தியம் பார்க்க உட்கார்ந்தேன், நீ பெண்கள் காலேஜில் பௌதிகம் சொல்லிக் கொடுத்தாய். ஆனால் உன் படிப்புக்கு வீட்டில் வேலை வந்தது யுத்தத்தில்தான். பெட்ரோல் கிடைக்காமல் நம் காருக்குப் பின்னால் கரி உலையைக் கட்டினோமே, அதற்கப்புறம். கரியை எரித்து, அந்த வாயுவில் எஞ்சின் ஓடும். உலையை மூட்டுகிற காற்றாடி பாட்டரியைக் குடித்துவிடும். எவ்வளவு குடித்தது என்று சொல்ல வண்டியில் ஒன்றும் இல்லை. வேகமானி ஒன்று, பெட்ரோல் மானி ஒன்று. பெட்ரோல் மானி எப்போது பார்த்தாலும் காலி என்று உண்மையே பேசிக்கொண்டிருந்தது.

திருநின்றவூர்க்காரி ஒருத்தி அம்பத்தூர் தாண்டி நடு ரோட்டில் பெற்றெடுத்தாளே, நினைவிருக்கிறதா? பாட்டரி செத்து, வண்டி நின்று, நான் பின் சீட்டிலேயே பார்த்தேன். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். வீட்டுக்கு வந்து அதிர்ஷ்டம் என்று சொன்னேன். நீ சோற்றில் கையை வைத்தபடி, "நின்னதுக்கப்புறம் தெரிஞ்சு என்ன அண்ணி பிரயோசனம்? நிக்கப் போறேன்னு வண்டி முன்னாடியே சொல்லணும்" என்றாய்.

அந்த வாரமே பட்டாளத்து லாரிகளிலிருந்து கழற்றிய சாமான் விற்கிற கடையில் மூன்று மானிகளைத் தேடிக் கொண்டுவந்தாய். பாட்டரிக்கு அம்மீட்டர், எஞ்சின் சூட்டுக்கு ஒன்று, உலை சரியாக மூச்சு விடுகிறதா என்று காட்ட ஒன்று. சமையலறைக் கரி அடுப்பில் ஈயம் பற்றவைக்கிற கோலைச் சொருகிவைத்தாய். ரசத்தில், ஈயத்தோடு சேர்க்கிற குங்கிலியத்தின் வாசனை வருகிறது என்று உன் அண்ணன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். ஒயர்கள் ஒன்றோடொன்று குழம்பாமல் இருக்க ஒவ்வொன்றிலும் ஒரு நிற நூலைச் சுற்றினாய். அந்த நூல்கள் எந்தப் புடவைகளின் கரையிலிருந்து வந்தன என்று எனக்குத் தெரியும். நீ கட்ட முடியாமல் பெட்டியிலேயே கிடந்த புடவைகள்.

முதல் நாள் நடந்ததை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. எஞ்சின் ஓட ஓட பாட்டரி ஏற வேண்டும். முள்ளோ இறங்குகிற பக்கமே சாய்ந்தது. "இன்னாம்மா, முள்ளு தலகீயா போவுது?" என்றார் கரீம் பாய். நீ பாட்டரியை ஏற்றுகிற டைனமோ மேல் பழியைப் போட்டாய். அதைக் கழற்றி, துடைத்து, மறுபடி பூட்டி, புடவையெல்லாம் கிரீஸ். முள் அதே பக்கம்தான். சாயங்காலம் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாய்.

காலேஜ் மேஜையில் பாட்டரியின் நெகடிவ் பக்கத்தை எல்லா ஒயருக்கும் பொதுவாக வைத்துத்தான் உனக்குப் பழக்கம். கை அதே பழக்கத்தில் அம்மீட்டரைப் பூட்டிவிட்டது. இந்த வண்டியிலோ பாசிடிவ் பக்கத்தைத்தான் உடம்போடு கட்டியிருந்தார்கள். இரண்டு ஒயரை இடம் மாற்றினாய், முடிந்தது.

"பாய், டைனமோ மேல தப்பே இல்ல. தப்பு காலேஜ் டீச்சர் மேல" என்றாய்.

"அத்த கயட்டி பூட்டும்போதே அது அயுதுச்சும்மா, எனக்குக் கேட்டுச்சு" என்றார் அவர்.

தப்பு செய்ததை அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லிக்கொண்ட இன்னொருவரை நான் இதுவரை பார்க்கவில்லை. டாக்டர்களில் நிச்சயம் பார்க்கவில்லை.

அப்புறம் அந்தப் பாரிவாக்கத்துப் பயணம். பின்னால் நான், மடியில் தலை வைத்து வலியில் துடிக்கிற பெண், பக்கத்தில் அவள் மாமியார். காலேஜ் விடுமுறை என்று நீ முன் சீட்டில் உட்கார்ந்து முட்களைப் படித்துக்கொண்டே வந்தாய். பாதி வழியில் நிறுத்தச் சொன்னாய். சூடு ஏறிக்கொண்டிருந்தது, உலையின் மூச்சும் திணறியது. மாமியார் பிடித்துக்கொண்டாள்:

"ஆசுபத்திரிக்கு போவச் சொன்னா குளத்தாண்ட நின்னுகினு கீறீங்களே! ஏம்மே, உனுக்கு புள்ள பொறந்து கீதா? வலி இன்னான்னு தெரியுமா?"

எனக்குச் சுருக்கென்றது. நீ குளத்திலிருந்து வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தபடியே, "தெரியாதும்மா. ஆனா வண்டிக்கு வலிக்குது, அது தெரியும். இப்ப கொஞ்சம் நின்னா அப்புறம் நிக்காது" என்றாய். கரீம் பாய் வடிகட்டியைத் தட்டிச் சுத்தம் செய்தார், நீ தண்ணீர் ஊற்றினாய். அப்புறம் ஆஸ்பத்திரி வாசல் வரை வண்டி நிற்கவே இல்லை. அந்தப் பெண் பிழைத்தாள். பெற்ற மகளுக்கு உன் பெயரை வைத்தார்கள். வைக்கச் சொன்னதே அந்த மாமியார்தான்.

எத்தனை பேரை அப்படிக் கொண்டு சேர்த்திருப்போம்? போன ஐப்பசி மழையில் டைபாய்டில் நீ படுத்தபோது மட்டும் உன்னைக் காப்பாற்ற எந்த வண்டியும் உதவவில்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்து காய்ச்சலை அளந்துகொண்டே இருந்தேன். முன்கூட்டியே தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாமல் போவது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நேற்று மில்காரர் ஒரு மெக்கானிக்கோடு வந்திருந்தார். மகன் கல்யாண ஊர்வலத்துக்கு வண்டி வேண்டுமாம். மெக்கானிக் தலையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "இன்னா இது, கடியாரக் கடையாட்டம் கீது?" என்றான்.

"அண்ணாத்தே, அது மணி காட்டாது. உனுக்கு நேரம் செரியில்லன்னா மட்டும் சொல்லும்" என்றார் கரீம் பாய். அவருக்குக் கண் சிவந்திருந்தது.

"அல்லாத்தையும் புடுங்கி எறிஞ்சிட்டு, ஒரு பலகைய அடிச்சு பாலீஷ் போட்டா புது வண்டி மொதலாளி" என்றான் மெக்கானிக். மில்காரர் சிரித்தார். உன் அண்ணனும் மரியாதைக்குச் சிரித்தார். மானிகள் பதித்த பலகைக்குப் பின்னால் கையை விட்ட அந்த ஆள் ஒரு கொத்து ஒயரை வெளியே இழுத்தான். மயில் கழுத்து நிறம், அரக்கு, மாம்பழ மஞ்சள். நூல்கள் கொஞ்சமும் வெளுக்கவில்லை விசாலம். நான் அவன் கையிலிருந்து அதை வாங்கி உள்ளே தள்ளினேன். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் வண்டி எங்களுது" என்றேன்.

ராத்திரியெல்லாம் யோசித்தேன். உன் நினைவாக ஒரு பொருளை ஷெட்டில் பூட்டி வைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. நீயும் அதைப் பார்த்துச் சிரிப்பாய். ஆனால் பாரிவாக்கத்தில் அடுத்த மாதம் பெறப்போகிற, இரட்டைப் பிள்ளை சுமக்கிற ஒருத்தி இருக்கிறாள். கால் வீங்கியிருக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது. அவளை ஜட்காவில் ஏற்றமாட்டேன்.

டிரைவர் கிடைக்கவில்லை, டிரைவர் கிடைக்கவில்லை என்று இத்தனை நாளாக நானும் உன் அண்ணனும் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தோம். காலையில் அந்த சீட்டில் உட்கார்ந்தபோதுதான், என் கால் மிதிகட்டைக்கு எட்டுகிறது என்பதைப் பார்த்தேன்.

உன் அண்ணனுக்கும் தெரியாது, கரீம் பாய்க்கும் தெரியாது, உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். வண்டியை விற்கப் போவதில்லை. மாதக் கடைசிக்குள் கரீம் பாய் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று நாளை கேட்கப் போகிறேன். ஊர் என்ன சொல்லும் என்பதை ஊர் சொல்லிக்கொள்ளட்டும். இரட்டைப் பிள்ளைக்காரியை நான்தான் ஓட்டிக்கொண்டு போவேன், இது சத்தியம்.

எனக்கு முன்னாடியே போய்விட்ட நாத்தனாருக்கு,
உன் அண்ணி
மரகதம்