என் வாயும் புஷ்பவள்ளியின் ஊசியும்

8-3-1953, ஞாயிறு
மருமகள் புஷ்பவள்ளி இன்று இரண்டாம் தடவை சோறு போட்டுச் சாப்பிட்டாள். கழுத்துக் கட்டிகள் கரைந்தே போய்விட்டன. கோலாலம்பூர் பெரியாஸ்பத்திரியில் ஏற்றின ஊசி குடலைப் புரட்டியது, முடியைக் கொட்டவைத்தது. ஆனாலும் இவளைத் திருப்பிக் கொடுத்துவிட்டதே! "ஏன்டி, என் மகனுக்கும் கொஞ்சம் மிச்சம் வை" என்றேன். சிரித்தாள். மாரியாத்தா, அந்தச் சிரிப்பு போதும்.

6-4-1953
அவளுக்கு இரண்டு மாதமாக மாதவிலக்கு இல்லை! கேட்டால் வெட்கப்படுகிறாள்.

7-4-1953
ரப்பர் தோட்டத்துக்குப் பால்வெட்டப் போகும்போது அவளுக்காக மடியில் மாங்காய் ஒளித்துப் போனேன். வேலிக் கேட்டில் சோதனை போடும் போலீஸ் மாத்தா பிடித்துக்கொண்டான். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். ஒரு பருக்கையைக்கூட வெளியே விடுவதில்லை. "காட்டுக்காரனுக்கில்ல லா, மருமகளுக்கு! புந்திங், புந்திங்!" என்று வயிற்றை வளைத்துக் காட்டினேன். சிரித்தான், மாங்காயைத் தரவில்லை. பின்னால் எங்கள் லயத்து வம்புக்காரி காளியம்மா நின்றிருந்தாள். அப்புறம் என்ன? சாயங்காலத்துக்குள் மூன்று லயத்து வீடுகளும் வாழ்த்துச் சொல்லிவிட்டன.

20-4-1953
தவணைக்குப் பெரியாஸ்பத்திரி போனோம். வயிற்றில் பிள்ளை இல்லை.
டாக்டர் சொன்னதை நர்ஸ் யூஜினியா தமிழில் சொன்னாள்: "கட்டியக் கொன்ன மருந்து சினைப்பையையும் அடிச்சிருக்கும்மா. அதான் மாசக்குளி நின்னுபோச்சு. சின்ன வயசு. உள்ள முட்டை மிச்சமிருந்தா திரும்பி வரலாம். வராமலும் போகலாம்."
பஸ்ஸில் புஷ்பம் பேசவில்லை. நானும்தான் - பிறந்ததிலிருந்து முதல் தடவை.

21-4-1953
"ஊரெல்லாம் சொல்லிட்டீங்களே அத்தை! எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு பைப்படிக்குப் போவேன்?"
இந்த வாயில் சூடு போடணும். நாள் தள்ளினா பிள்ளைதான்னு எவ சொன்னா எனக்கு?
லயம் லயமாகப் போய், "தப்பு என்னோடது, பிள்ளை இல்ல" என்றேன். காளியம்மா, "உன் மகன் சிவானந்தத்துக்கு வேற பொண்ணு பாக்கலாமே" என்றாள். "பாரேன். அப்படியே உன் புருசனுக்கும் ஒண்ணு பாரு" என்றேன்.
வீட்டுக்கு வந்து புஷ்பத்தின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "கழுத்துல கட்டி போச்சு, தாலி இருக்கு. எனக்கு அது போதும்டி." சிவானந்தம் அவளுக்குத் தேத்தண்ணி கலக்கிக் கொண்டுவந்தான்.

13-9-1953
அவளுக்கு மாசக்குளி இன்னும் வரவில்லை. கேட்க நாக்குத் துடிக்கிறது. கேட்கவில்லை.

11-1-1954
விடியும்போது புஷ்பம் கதவோரம் நின்றாள். "அத்தை... நான் வீட்டுக்குத் தூரம்."
ஏறக்குறைய ஒரு வருஷம்! அவள் அழுதாள், நானும் அழுதேன். பழக்கத்தில் மூலைக்குப் போகப் பார்த்தாள். பிடித்துக் கட்டிலில் படுக்கவைத்து, நானே கஞ்சி கொடுத்தேன். பிள்ளை வருமோ வராதோ, தெரியாது. வந்த மட்டுக்கும் ஆத்தாளுக்குக் கும்பிடு.
அவள் பங்கு மரங்களிலும் நானே பால் வெட்டினேன். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ரெங்கசாமி, "என்ன தாயம்மா, மருமக வரல? விசேஷமா?" என்று கேட்டார்.
"விசேஷம் எனக்குத்தான்யா, வயசு திரும்புது" என்று சொல்லி, இரண்டு பேர் பால்வாளியையும் தூக்கிக்கொண்டு நடந்தேன்.