பதிவேட்டின் பதினோராவது வரி

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஒருவரை ஒருவர் குறை சொல்லும் அளவுக்குத் தெம்பாக இருக்கிறோம், நீயும் அங்கே குளிருக்கும் வேலைக்கும் ஈடுகொடுத்து நன்றாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடியேறச் சொன்னால் மட்டும் உடனே திரும்பி வந்துவிடுகிறது. தெருமுனையில் இருக்கும் உன் தங்கையின் மகள் பத்தொன்பது நாள் கழித்து மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிவிட்டாள். மஞ்சள் காமாலை இறங்கிவிட்டது, கண் இன்னும் முழுதாக வெளுக்கவில்லை. நம் தெருவில் அவளோடு சேர்த்து ஏழு பேருக்கு வந்தது, எல்லாரும் ஒரே மேல்நிலைத் தொட்டித் தண்ணீரைக் குடித்தவர்கள்.

அந்தத் தொட்டியின் பரிசோதனை அறிக்கைகளைக் கேட்டு, நீ முன்பு வேலை பார்த்த குடிநீர் அலுவலகத்துக்கே தகவல் உரிமை மனு போட்டிருப்பதாகப் போனில் சொன்னேனே, ‘விடும்மா, அதெல்லாம் கிடைக்காது’ என்றாய். அலுப்பில் சொல்கிறாய் என்று நினைத்தேன். முதல் பதிலில் கோப்பு காணவில்லை என்றார்கள், இரண்டாவதில் பாதுகாப்புக் காரணத்தால் தர இயலாது என்றார்கள். காணாமல் போனதை எங்கே வைத்துப் பாதுகாக்கிறார்களோ. எதிர்வீட்டுத் தையல்காரர் படித்துவிட்டு, ‘இத்தனை நாளா ராணுவ ரகசியத்தையா குடிச்சோம், முன்னாடியே சொல்லியிருந்தா எழுந்து நின்னு குடிச்சிருப்போமே’ என்றார். சிரித்தோம். அவர் மனைவியும் அந்த ஏழு பேரில் ஒருத்தி.

நேரில் போனேன். தகவல் அலுவலர் நாற்காலி கொடுத்தார், கேட்காமலே டீ வரவழைத்தார். முப்பது வருடம் பத்திரிகைச் செய்திக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவள் நான், அப்போதே எனக்குச் சந்தேகம். ‘இந்த வயசுல எதுக்கும்மா அலையிறீங்க, பேத்தியோட விளையாடலாமே’ என்றார். பேத்தி படுத்துக் கிடப்பதால்தான் வந்தேன் என்றேன். எழும்போது, ‘இதை மேல கொண்டுபோகாதீங்கம்மா, உங்க வீட்டுக்கே நல்லதில்ல’ என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். மிரட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டு இன்னும் வீம்பானேன். கோப்பு இல்லை என்பவர்களிடம் கோப்பைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது, அதை யார் எடுத்துப் போனார்கள் என்று எழுதிவைக்கும் நகர்வுப் பதிவேட்டைக் கேட்க வேண்டும். கோப்பை மறைக்கச் சொல்பவர்களுக்குப் பதிவேடு ஞாபகம் வருவதில்லை. மனு எழுதிக் கொடுத்தேன், மூன்றாம் வாரம் ஆவண அறை எழுத்தர் பெண், ‘இதை வெச்சு என்னக்கா பண்ணப் போறீங்க’ என்று கேட்டபடியே நகலில் முத்திரை குத்திக் கொடுத்தாள்.

பேருந்தில் உட்கார்ந்து பிரித்தேன். பதினோராவது வரியில் அந்தக் கோப்பு. பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் உன் பெயர், உன் கையெழுத்து. நீ விமானம் ஏறுவதற்கு நான்கு நாள் முந்தைய தேதி. ஒப்படைத்த தேதிக்கான கட்டம் காலி. நான் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது.

உன் பெயரில் வேறு யாராவது போட்டிருக்கலாம் என்று நானே உனக்காக வாதாடிப் பார்த்தேன். பீரோவிலிருந்த உன் பழைய விண்ணப்பங்களை எடுத்து ஒப்பிட்டேன், அதே கைதான். பிறகு இன்னொன்று நினைவுக்கு வந்தது. கிளம்பும் வாரத்தில் அவசர அவசரமாக நம் சமையலறையில் தண்ணீர் சுத்திகரிப்பான் மாட்டிவிட்டு, ‘இதுல பிடிச்சுத்தான் குடிக்கணும்’ என்று என்னிடம் இரண்டு முறை சொன்னாய். பிள்ளையின் பாசம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். உன் தங்கை வீட்டில் ஏன் சொல்லவில்லை? தையல்காரர் வீட்டில் ஏன் சொல்லவில்லை? அந்த அறிக்கையில் என்ன இருந்தது, யார் உன்னை எடுக்கச் சொன்னது, அதற்குப் பதிலாக உனக்கு என்ன செய்து கொடுத்தார்கள்? உன் வெளிநாட்டு வேலைக்குத் தலைமைப் பொறியாளர் ஒரே நாளில் நற்சான்று எழுதிக் கொடுத்ததைக்கூட இப்போது என்னால் சும்மா நினைக்க முடியவில்லை. அப்பாவிடமோ உன் தங்கையிடமோ இன்னும் எதுவும் சொல்லவில்லை.

தகவல் ஆணையத்தில் நான் போட்ட மேல்முறையீட்டின் விசாரணை அடுத்த மாதம் பதினேழாம் தேதி. நகலை முழுதாகக் கொடுக்கப் போகிறேன். அந்த ஒரு வரியை மட்டும் மறைத்தால் எனக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம். கோப்பு உன்னிடம் இருந்தால் எனக்கு அனுப்பாதே, ஆணையத்துக்கு உன் பெயரிலேயே பதிவுத் தபாலில் அனுப்பு. இல்லையென்றால் இல்லை என்று எழுது. போன் பண்ணாதே, குரலைக் கேட்டால் நம்பிவிடுவேன். வேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். எந்த ஊரில் இருந்தாலும் நீ நிமிர்ந்து நடக்கும்படி வாழ என் ஆசி எப்போதும் உண்டு. தேதியை மறந்துவிடாதே, பதினேழு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா